சொனெற்றைத் தரம் 11 பிள்ளைகளுக்கு எப்படிப் படிப்பிக்கிறீர்கள்?

படுவான்கரை ரீச்சர்:
வணக்கம். மட்டக்களப்பில் படுவான்கரையில் ஒரு பாடசாலையில் ஆங்கில இலக்கியம் எடுக்கிறேன், மொத்தமே ஒன்பது பிள்ளைகள். போன தவணை சேக்ஸ்பியரின் 18ஆவது சொனெற், அதாவது 14 அடியில் எழுதுகிற ஆங்கிலக் கவிதை. 14 அடி, அடிக்குப் பத்து அசை, அடிகள் முடிகிற ஓசை ஏபிஏபி சிடிசிடி இஎஃப்இஎஃப் ஜிஜி (ஒரே எழுத்து என்றால் ஒரே ஓசை) என்று கரும்பலகையில் எழுதிப்போட்டேன், எல்லாரும் பாடமாக்கிச் சோதனையிலும் சரியாக எழுதிவிட்டார்கள். ஆனால் கவிதை ஒருவருக்கும் ஏறவில்லை. உன்னைக் கோடை நாளோடு ஒப்பிடட்டுமா என்று கேட்கிறார் என்றதும் கடைசி வாங்கில் இருந்து ஒருவன், "ரீச்சர், வெக்கையான கச்சான் காற்று அடிக்கிற நாள் மாதிரி இருக்கிறாய் என்று இங்கே ஒருத்தியிடம் சொன்னால் அடிதான் விழும்" என்றான். இன்னொருத்தி, 14க்குப் பதிலாக 15 அடி எழுதினால் என்ன என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. இந்த முறை வேறு மாதிரித் தொடங்க விருப்பம். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

கல்லடிப்பாலம்:
அந்தப் பிள்ளைக்கு முதலில் ஒரு ரொபி வாங்கிக் கொடுங்கள் ரீச்சர். சேக்ஸ்பியரே 15 அடியில் ஒன்று எழுதியிருக்கிறார், 1609இல் அச்சான 154 சொனெற்றுகளில் 99ஆவதை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். 126ஆவதில் 12 அடிதான்.

14 என்பது இத்தாலிக்காரர் கணக்கு. 13ஆம் நூற்றாண்டில் சிசிலியில் பிறந்தது, எட்டு அடியில் ஒன்றைச் சொல்லி ஆறு அடியில் அதற்கு முகம் கொடுப்பது. 16ஆம் நூற்றாண்டில் வையற், சறே என்ற இரண்டு கவிஞர்களும் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார்கள். இத்தாலி மொழியில் ஒரே ஓசையில் முடிகிற சொற்கள் கொட்டிக் கிடக்கின்றன, எட்டு அடியையும் இரண்டே ஓசையில் ஓட்டிவிடலாம். ஆங்கிலத்தில் அது பெரும் பாடு, அதனால்தான் நாலு அடிக்கு ஒருமுறை ஓசையை மாற்றுகிற ஏபிஏபி வந்தது. இதைச் சொல்லாமல் எழுத்துகளை மட்டும் போட்டால் அது வாய்ப்பாடுதான்.

கச்சான் பையன் சொன்னது நூறு வீதம் சரி. அவர்களுடைய கோடையை நமது மாசி மாதக் காலையாக நினைக்கச் சொல்லுங்கள், மாரி ஓய்ந்து வெயில் எறிக்கிற அந்த நாட்கள்.

அக்கரைப்பற்று கவிப்பைத்தியம்:
ரீச்சர், அடிக்கணக்கில் தொடங்கவே வேண்டாம். திருப்பத்தில் தொடங்குங்கள். எங்கள் உம்மம்மா சொல்லும் நாட்டார் கவிகளில் பலது இப்படித்தான் இருக்கும்: முதல் இரண்டு அடியில் தோணி, வயல், நிலவு என்று எதையாவது காட்டுவார், மூன்றாவது அடியில் சட்டென்று மனதில் இருப்பது வெளியே வரும். பிள்ளைகளை வீட்டில் கேட்டு ஆளுக்கொரு கவி கொண்டுவரச் சொல்லுங்கள். கீழ்ப்பாதியை மறைத்து, என்ன வரும் என்று மற்றவர்கள் சொல்லட்டும்.

அப்புறம் 18ஆவதற்குப் போங்கள். ஒன்பதாவது அடி 'பட்' (ஆனால்) என்று தொடங்கும், அந்த ஒரு சொல்லை வட்டமிட்டு, எதை மறுக்கிறார் என்று கேளுங்கள். அதுவரை கோடைக்குக் குற்றம் சொல்லிக்கொண்டே வந்திருப்பார்: காற்று மொட்டை உலுப்புகிறது, வெயில் கூடிப்போகிறது, சீக்கிரம் முடிந்துவிடுகிறது. உன் கோடை அப்படி வாடாது என்று திரும்புகிற இடம் அது. ஏன் வாடாது என்பது கடைசி இரண்டு அடியில். நான் ஒரு முழுப் பாடவேளையை அந்த 'பட்'டுக்கே கொடுத்தேன், வீணாகவில்லை.

மத்தளக்காரன்:
ஒரு சின்ன மறுப்பு தங்கச்சி. 'பத்து அசை' என்று சொன்னதும் தமிழ் படிக்கிற பிள்ளை நேர், நிரை என்று குறில் நெடில் பார்க்கத் தொடங்கிவிடும். ஆங்கிலத்தில் கணக்கு அழுத்தத்தில். நம்முடைய பிள்ளைகள் எல்லா அசையையும் ஒரே பலத்தில் சொல்வதால் அந்தத் தாளம் காதிலேயே விழாது. 'பிரசென்ட்' என்ற சொல்லை எடுங்கள், பரிசு என்றால் முன்பக்கம் அழுத்தம், வழங்கு என்றால் பின்பக்கம். அதைப் பத்துத் தரம் சொல்ல வைத்துவிட்டு, மேசையில் விரலால் மெதுவாக ஒன்று, உள்ளங்கையால் பலமாக ஒன்று, இப்படி ஐந்து சோடி தட்டினால் ஒரு அடி. எல்லா அடியும் அச்சொட்டாகப் பொருந்தாது, இழுத்துப் பொருத்தவும் வேண்டாம்.

இன்னொன்று, எதுகை பழகிய பிள்ளைகள் ஓசையை அடியின் தலையில் தேடும். இது நம்முடைய இயைபு மாதிரி, வாலில் இருப்பது. 14 அடியையும் கடதாசித் துண்டுகளாக வெட்டிக் கலைத்துக் கொடுத்து அடுக்கச் சொல்லுங்கள். 'டெம்பரேட்', 'டேட்' இரண்டையும் சோடி சேர்க்க முடியாமல் கட்டாயம் முழிப்பார்கள், இன்றைய உச்சரிப்பில் அவை சரியாகப் பொருந்தாது.

காரைதீவான்:
எங்கள் ஊர் விபுலாநந்த அடிகள் 1926இலேயே மதங்க சூளாமணி என்ற நூலில் சேக்ஸ்பியர் நாடகங்களைத் தமிழில் விளக்கியவர். சேக்ஸ்பியருக்கு அவர் வைத்த பெயர் செகசிற்பியார். அந்தப் பெயரைக் கரும்பலகையில் எழுதிப் பாருங்கள், வகுப்பு நிமிர்ந்து உட்காரும்.

படுவான்கரை ரீச்சர்:
எல்லாருக்கும் நன்றி, இரண்டு கிழமை கழித்து வருகிறேன். ஒன்பது பேரில் ஏழு பேர் கவி கொண்டுவந்தார்கள், இரண்டு கவி வகுப்பில் வாசிக்கக்கூடிய மாதிரி இல்லை! 'டெம்பரேட்'டில் முழித்தது உண்மைதான். தாளம் இன்னும் பாதிப் பேருக்கு வரவில்லை, பக்கத்து வகுப்பு சேர் சத்தம் கூட என்று முறையிட்டதுதான் மிச்சம். கச்சான் பையன் மட்டும் தமிழிலேயே ஒன்று எழுதுகிறான், எட்டு அடியும் கச்சானுக்கு ஏச்சு. ஒன்பதாவது அடியில் 'ஆனால்' என்று போட்டுவிட்டு மூன்று நாளாக யோசித்துக்கொண்டு இருக்கிறான்.