ஊட்டியா, மலேசியாவா: போனதும் போகாததும்

மணப்பாறையான்:
2024 மே விடுமுறைக்குக் கோலாலம்பூருக்குப் போவதா, ஊட்டிக்குப் போவதா என்று எங்கள் வீட்டில் இரண்டு வாரம் பேச்சு நடந்தது. அதற்கு முந்தைய டிசம்பரிலிருந்தே மலேசியாவுக்கு விசா தேவையில்லை. திருச்சியிலிருந்து நேரடி விமானமும் உண்டு. "இந்த முட்டியை வச்சுக்கிட்டு விமானம் எதுக்கு, ஊட்டியே போதும்" என்று அம்மா சொன்னதும், ஐந்து பேருக்கான டிக்கெட் தொகையை மனத்துக்குள் கூட்டிக்கொண்டிருந்த நான் மறுபேச்சுப் பேசவில்லை. ஊட்டிக்கு வரும் வாகனங்கள் முன்கூட்டியே இணையத்தில் அனுமதி வாங்க வேண்டும் என்ற இ-பாஸ் முறை, நீதிமன்ற உத்தரவின்படி தொடங்கிய முதல் வாரம் அது. பாஸும் கிடைத்தது, மலைப்பாதையில் பர்லியாறைத் தாண்டியதும் நெரிசலும் கிடைத்தது. அதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கதைதான்.

என்னை இன்னும் விடாமல் பிடித்திருப்பது தங்கும் விடுதியின் வரவேற்பு மேசையில் நடந்தது. அம்மாவின் ஆதார் அட்டை வீட்டிலேயே தங்கிவிட்டதால், அவர் கைப்பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினார். அதை அவர் எடுத்து வந்திருப்பதே எனக்குத் தெரியாது. அப்பா இருந்தபோது 2014இல் எடுத்தது. அந்த ஆண்டு ஆகஸ்டோடு காலாவதி. நகலெடுத்த பையன், "பிறந்த ஊர் சுங்கை சிப்புட்டா? மலேசியாக்காரங்களா நீங்க?" என்று கேட்டுக்கொண்டே 36 பக்கங்களையும் விசிறி போலப் புரட்டிவிட்டு, "எங்கயுமே போகலையாம்மா?" என்றான். "அதான் ஊட்டிக்கு வந்திருக்கேனே தம்பி" என்றார் அம்மா.

தாத்தா அங்கே ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். வேலை அனுமதிச் சீட்டுச் சிக்கலில் 1969இல் குடும்பம் ஊர் திரும்பியபோது அம்மாவுக்கு ஏழு வயது. அவருக்கு அது வெளிநாடு இல்லை என்பது அந்த மேசைமுன் நிற்கும்வரை எனக்கு உறைக்கவில்லை.

உறையூர்வாசி:
வருத்தப்படாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. உங்கள் கணக்கில் ஒரு பிழை இருக்கிறது. மலேசியாவுக்குள் நுழைய பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். மே மாதத்தில் பயணம், ஆகஸ்டில் காலாவதி என்றால் திருச்சியிலேயே உங்கள் அம்மாவை நிறுத்தியிருப்பார்கள்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. என் மகளின் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு விமான நிறுவனப் பெண் ஊழியர் விரல்விட்டு மாதங்களை எண்ணிய காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. நான்காவது விரலோடு எண்ணிக்கை நின்றுவிட்டது. பெரியவர்களுக்குப் பத்து ஆண்டு, சிறுவர்களுக்கு ஐந்தே ஆண்டு என்பதை மறந்து, என் பாஸ்போர்ட்டோடு சேர்த்து எடுத்ததுதானே என்று நம்பியிருந்தேன். தெரு முழுக்கச் சொல்லிவிட்டுக் கிளம்பியிருந்ததால் வீட்டுக்குத் திரும்ப முகமில்லாமல், அதே பெட்டிகளோடு வாடகைக் கார் பிடித்துக் குற்றாலத்துக்குப் போய் நான்கு நாள் ஒளிந்திருந்தோம். ஜூன் கடைசி என்பதால் அருவியில் நல்ல தண்ணீர். திரும்பி வந்ததும், ஐந்தருவி மலேசியாவில் இருப்பதாக மகள் பள்ளியில் சொல்லியிருக்கிறாள்; அவளை நான் திருத்தவில்லை.

குன்னூர்க் குளிர்:
இருவருமே உள்ளூரை, வெளிநாடு வாய்க்காதவனுக்குக் கிடைக்கும் ஆறுதல் பரிசைப்போல எழுதுகிறீர்கள். மே மாத ஊட்டியைக் கொண்டு ஊட்டியை எடைபோடுவது, தீபாவளிக்கு முந்தைய நாள் தி.நகருக்குப் போய்விட்டுச் சென்னையே இப்படித்தான் என்பதற்குச் சமம். நான் முதன்முதலில் மலை ரயிலில் போனபோது, ஹில்குரோவ் நிலையத்தில் தண்ணீர் பிடிக்க வண்டி நின்ற இடைவெளியில், என் கையிலிருந்த வடையை ஒரு குரங்கு அவசரமே இல்லாமல், ஏதோ கொடுத்த கடனைத் திரும்ப வாங்குவதுபோல வாங்கிக்கொண்டு போனது. எந்த நாட்டுக்குப் போனாலும் எனக்கு நினைவுக்கு வருவது அந்தக் குரங்குதான்.

மணப்பாறையாருக்கு ஒன்று சொல்கிறேன். அடுத்த முறை காரை மேட்டுப்பாளையத்திலேயே விட்டுவிடுங்கள். அரசுப் பேருந்துக்கும் ரயிலுக்கும் இ-பாஸ் வேண்டாம். 2025 ஏப்ரலிலிருந்து, சீசன் மாதங்களில் நாளொன்றுக்கு 6,000 வாகனம், வார இறுதியில் 8,000 என்று வரம்பும் வைத்துவிட்டார்கள் என்பதால், கடைசி நேரத்தில் விண்ணப்பித்தால் பாஸ் கிடைக்குமென்று நம்ப முடியாது. ரயில்வே முன்பதிவுக் காலமும் 2024 நவம்பரிலிருந்து 120 நாளில் இருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. அறுபதாம் நாள் காலையில் கைப்பேசியோடு உட்காருங்கள். கல்லாறிலிருந்து குன்னூர்வரை பற்சக்கரத் தண்டவாளம். மொத்தம் 46 கிலோமீட்டர்தான் என்றாலும் காலை ஏழு மணிக்குமேல் கிளம்பி நண்பகலில்தான் ஊட்டி சேரும். முட்டி வலி உள்ளவர்கள் உட்கார்ந்தபடியே மலை ஏற இதைவிட வழியில்லை. ஸ்வெட்டரை மேட்டுப்பாளையத்தில் வாங்காதீர்கள்.

ஓய்வுபெற்ற காசாளர்:
ஊழியர்களுக்கு நிறுவனம் தரும் விடுமுறைப் பயணச் சலுகைக்கு வரிவிலக்கு உள்நாட்டுப் பயணத்துக்கு மட்டுமே என்பதை இங்கே யாரும் சொல்லவில்லை. மதுரையிலிருந்து தில்லிக்கு என்று விண்ணப்பித்துவிட்டு, கொழும்பு, கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று சுற்றிக்கொண்டு தில்லி போய்ச் சேர்வது ஒரு காலத்தில் வங்கிக்காரர்களிடையே ரகசியமே இல்லை. நானும் அந்தக் குறுக்கு வழியில் போனவன்தான். பயணத்தில் வெளிநாட்டுப் பகுதி சேர்ந்துவிட்டால் வரிவிலக்குக் கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2022 நவம்பரில் முடித்துவைத்தது. வரியைக் கட்டச் சொல்லி எனக்கும் கடிதம் வந்தது. அதை நான் படித்துக்கொண்டிருந்தபோது, என் மனைவி சிங்கப்பூர்ப் படங்களைச் சம்பந்தியம்மாவுக்குக் காட்டி, "எல்லாம் பேங்க்ல குடுத்ததுங்க, நமக்கு ஒரு செலவும் இல்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். குன்னூர்க்காரர் கோபித்துக்கொள்ள வேண்டாம்: அதன்பிறகு நாங்கள் ஊட்டிக்குத்தான் போகிறோம்.

மணப்பாறையான்:
ரயில் யோசனைக்கு நன்றி, ஆனால் நான் சொல்ல வந்தது அதுவல்ல. உறையூர்வாசி சொன்னது சரி. அன்று போயிருந்தாலும் திருப்பி அனுப்பியிருப்பார்கள். சென்ற மாதம் அம்மாவுக்குப் புது பாஸ்போர்ட் எடுத்துவிட்டோம். பழையதைத் திருப்பிக் கொடுத்தபோது, அம்மா அதை அங்கேயே நின்று புரட்டிப் பார்த்தார். பத்து ஆண்டில் அதில் விழுந்த ஒரே முத்திரை, ரத்து செய்யப்பட்டது என்பதுதான். சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்திலுள்ள ஈப்போவுக்கு ரயில் டிக்கெட் எவ்வளவு என்று வழியில் கேட்டார்.