2-10 எடுத்த கோச்சைப் பல்கலைக்கழகம் ஏன் வைத்துக்கொள்கிறது?

நாஷ்வில்வாசி:
அமெரிக்கக் காலேஜ் ஃபுட்பால் (கையில் பந்தை ஏந்தி ஆடும் அமெரிக்க ஆட்டம்) தொடர்ந்து பார்ப்பவர்களிடம் ஒரு கேள்வி. எங்கள் ஊர் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் தலைமைக் கோச் கிளார்க் லீ 2021ல் 2-10 (2 வெற்றி, 10 தோல்வி), 2022ல் 5-7, 2023ல் மறுபடியும் 2-10. எஸ்இசியில் (வாண்டர்பில்ட் ஆடும் பலமான லீக்) வேறு எந்த ஊராக இருந்தாலும் அந்த நவம்பரிலேயே அனுப்பியிருப்பார்கள். இங்கே வைத்துக்கொண்டார்கள், மறு வருடமே நம்பர் 1 அலபாமாவை 40-35 என்று ஜெயித்தார்கள், 2025ல் அந்தப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றிலேயே முதல் முறையாகப் பத்து வெற்றி. இதில் கோச்சின் திறமை எவ்வளவு, மேலே உட்கார்ந்திருப்பவர்களின் பங்கு எவ்வளவு? 'நிர்வாகம் துணை நிற்கிறது' என்று எல்லாப் பிரஸ் மீட்டிலும் சொல்கிறார்களே, நடைமுறையில் அது என்ன?

மூன்றாம்_டவுன்:
பொறுமை மட்டும் என்றால் லீயும் தோற்றுக்கொண்டேதான் இருந்திருப்பார். 2023 முடிந்ததும் அவர் நியூ மெக்சிகோ ஸ்டேட்டிலிருந்து டிம் பெக், ஜெரி கில், குவார்ட்டர்பேக் (தாக்குதலை நடத்தும் வீரர்) டியாகோ பவியா என்று ஒரு கூட்டத்தையே அழைத்து வந்தார், டிஃபென்ஸை (தடுப்பாட்டத்தை) நடத்தும் பொறுப்பைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். அதைச் செய்ய உதவிக் கோச்சுகளின் சம்பளத்துக்குப் பணம் வேண்டும், போர்ட்டலில் (கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பதிவு செய்யும் பட்டியல்) வருகிற பையனுக்குச் சீக்கிரம் அட்மிஷன் கிடைக்க வேண்டும், அவன் பழைய கல்லூரியில் எடுத்த கிரெடிட்டை ஏற்றுக்கொள்ள வேண்டும். படிப்பில் கெடுபிடியான தனியார் பல்கலைக்கழகத்தில் இதெல்லாம் அத்லெடிக் டைரக்டர் (விளையாட்டுத் துறைத் தலைவர்) ஒருவரால் முடிகிற காரியமில்லை, மேலிடமும் மனசு வைக்க வேண்டும். அந்த விஷயத்தில் பல்கலைக்கழகத் தலைவரான சான்சலர் டீர்மையரும் அத்லெடிக் டைரக்டர் கேண்டிஸ் லீயும் ஒரே பக்கம் நின்றார்கள். 2021லேயே 30 கோடி டாலர் திட்டம் அறிவித்து, பிறகு ஸ்டேடியத்தின் சில பகுதிகளை இடித்துக் கட்ட ஆரம்பித்தார்கள். முன்பு ஜேம்ஸ் ஃபிராங்க்ளின் இங்கே 2012, 2013 இரண்டு வருடமும் 9-4 எடுத்துவிட்டுப் பென் ஸ்டேட்டுக்குப் போனாரே, அப்போது இந்த அளவு முதலீடு கிடையாது.

பர்மிங்ஹாம்_பாலு:
நான் மறக்க முடியாதது யுஏபி, அதாவது எங்கள் ஊரில் இருக்கும் அலபாமா பல்கலைக்கழகம் (பர்மிங்ஹாம்). 2014ல் கோச் பில் கிளார்க் முதல் சீசனிலேயே 6-6 எடுத்து பௌல் (சீசன் முடிவில் நடக்கும் சிறப்பு ஆட்டம்) தகுதி வாங்கிக் கொடுத்தார். டிசம்பர் 2 அன்று பல்கலைக்கழகத் தலைவர் ரே வாட்ஸ் வீரர்களைக் கூப்பிட்டு, செலவு கட்டுப்படியாகவில்லை, ஃபுட்பாலையே மூடுகிறோம் என்றார். அந்த வீடியோ இன்னும் கிடைக்கும், பாருங்கள். ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து ஆடிய ஒரு வீரர் குரல் உடைந்து கேள்வி கேட்கிறார், அதைப் பார்க்கும்போது எனக்கு இன்றைக்கும் தொண்டை அடைக்கிறது. கோச் ஜெயித்துக்கொண்டிருந்தார் என்பதை மறக்காதீர்கள்.

அப்புறம் ஊரே எழுந்தது. வியாபாரிகள், பழைய மாணவர்கள், நகர நிர்வாகம் என்று பணம் திரட்டி 2015 ஜூனில் முடிவை மாற்ற வைத்தார்கள். கிளார்க் வேறு வேலைக்குப் போகாமல் 2015, 2016 இரண்டு சீசன் ஒரு ஆட்டம்கூட இல்லாமல் அங்கேயே இருந்து அணியைக் கட்டினார். 2017ல் திரும்பி வந்து 8-5, 2018ல் கான்ஃபரன்ஸ் (அவர்கள் ஆடும் லீக்) சாம்பியன். ஆகவே மேலிடம் என்றால் தலைவர் அறை மட்டும் என்று நினைக்காதீர்கள், அவரையே வழிக்குக் கொண்டுவந்தது அந்த ஊர்தான்.

கல்லூரிச்சாலை:
பணத்தைக் கொட்டுவதை ஆதரவு என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. டெக்சஸ் ஏ&எம் பல்கலைக்கழகம் கோச் ஜிம்போ ஃபிஷருக்கு 2021ல் 2031 வரை உத்தரவாதத்தோடு ஒப்பந்தத்தை நீட்டித்தது, அடுத்த வருடமே 5-7, 2023 நவம்பரில் அனுப்பும்போது தர வேண்டிய தொகை ஏழரைக் கோடி டாலருக்கு மேல். வேறு யாராவது கொத்திக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பயத்தில் கையெழுத்துப் போட்டார்கள், அவ்வளவுதான். 2025 அக்டோபரில் எல்எஸ்யு (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) கோச் பிரையன் கெல்லியை நீக்கியபோதும் சுமார் 5.4 கோடி பாக்கி. அங்கே மாநில கவர்னரே நடுவில் புகுந்து அத்லெடிக் டைரக்டரைப் பற்றிப் பகிரங்கமாகப் பேசினார், சில நாட்களில் அந்த டைரக்டரும் வெளியே. இப்படி நாலு பேர் நாலு பக்கம் இழுக்கிற இடத்தில் எந்தக் கோச் வந்து என்ன செய்ய முடியும்?

நாஷ்வில்வாசி:
சரி, அப்படியானால் இந்தியானா? அங்கே பொறுமையும் இல்லையே, பழைய கோச் டாம் ஆலனுக்கு ஒன்றரைக் கோடி டாலர் கொடுத்து அனுப்பிவிட்டுத்தானே இப்போதைய கோச் சிக்னெட்டியைக் கொண்டு வந்தார்கள்?

மூன்றாம்_டவுன்:
ஆமாம், அதுவும் ஆதரவுதான், ஏனென்றால் அனுப்பியதோடு கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. உதவிக் கோச்சுகளுக்கும் வீரர்களுக்கும் காசு ஒதுக்கினார்கள், முதல் வருடமே 11-2. 2025 அக்டோபரில் பென் ஸ்டேட் ஃபிராங்க்ளினை நீக்கியதும் அடுத்து அங்கே வரப்போவது யார் என்று எல்லோரும் சிக்னெட்டி பெயரைச் சொன்னார்கள், இந்தியானா அதே வாரம் எட்டு வருட ஒப்பந்தம் போட்டு வாயை அடைத்தது, ஜனவரியில் தேசிய சாம்பியன். இப்போது பல்கலைக்கழகமே தன் விளையாட்டு வருமானத்தில் வீரர்களுக்கு வருடத்துக்கு மொத்தம் சுமார் 2 கோடி டாலர் வரை பங்கு கொடுக்கலாம். அடுத்த முறை உங்கள் பல்கலைக்கழகம் புதுக் கோச்சை அறிவித்தால் அவர் சம்பளத்தை விடுங்கள், அந்தப் பங்கில் ஃபுட்பாலுக்கு எவ்வளவு, உதவிக் கோச்சுகளுக்கு மொத்தம் எவ்வளவு, மேடையில் பல்கலைக்கழகத் தலைவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாரா என்று பாருங்கள்.