மறுபயிற்சியா, திறன்பெயர்ப்பா?

வணக்கம் நண்பர்களே,

பழைய தொழில் மூடப்படும்போது அதில் இருந்தவரை வேறு தொழிலுக்குப் பயிற்றுவிப்பதை ஆங்கிலத்தில் 'ரீஸ்கில்லிங்' என்கிறார்கள். நம் கலைச்சொல் பட்டியலில் அதற்குத் தமிழ்ச் சொல் தேடும்போது ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> 'ரீஸ்கில்லிங்' என்பதற்கு 'மறுபயிற்சி' போதுமே. 'மாற்றுத்திறன் பயிற்சி' என்றும் சொல்லலாம்.

இரண்டாவதை விட்டுவிடுவோம். மாற்றுத்திறனாளி என்ற சொல் நன்றாக வேரூன்றிவிட்டது, படிப்பவர் குழம்புவார். 'மறுபயிற்சி' எனக்கு வேறு காரணத்தால் உறுத்துகிறது. முதல் தடவை சரியாகக் கற்காதவரைத் திரும்ப உட்காரவைப்பதுபோல் இருக்கிறது. நிலக்கரி மின்நிலையத்தை மூடினால், அதில் உழைத்தவர் என்ன தவறு செய்தார்?

அவர் வெறுங்கையோடு வெளியே வருவதில்லை. பூமிக்கடியிலுள்ள வெப்பத்தில் இயங்கும் பல புவிவெப்ப மின்நிலையங்களிலும் சுழலியைச் (டர்பைனை) சுற்றுவது நீராவிதான். அங்கே கிணறு துளைக்க எண்ணெய்க் கிணற்றில் பழகிய கை வேண்டும். கடலில் எண்ணெய் மேடையில் வெல்டிங் செய்தவர் காற்றாலைக்குப் போனால், உயரத்தில் வேலை செய்த பழக்கமும் கடல் பாதுகாப்பு அறிவும் கூடவே போகின்றன. மின்வாகனத்தில் ஆயில் மாற்றும் வேலை இல்லை, சரி. ஆனால் பிரேக், சஸ்பென்ஷன், சக்கரம் எல்லாம் இருக்கின்றனவே. மெக்கானிக் புதிதாகக் கற்கவேண்டியதில் முக்கியமானது, உயர் மின்னழுத்த பேட்டரியை ஆபத்தில்லாமல் கையாளுவது.

அதனால், மொழிபெயர்ப்பு போல 'திறன்பெயர்ப்பு' என்று வைத்துக்கொள்ளலாமா?

மறுமொழி:

கருத்து பிடித்திருக்கிறது, சொல்தான் இடிக்கிறது. மொழிபெயர்ப்பில் மாறுவது மொழி, தங்குவது பொருள். உங்கள் விளக்கப்படி இங்கே தங்குவது திறன், மாறுவது தொழில். அப்படியென்றால் 'தொழில்பெயர்ப்பு' என்றல்லவா வரவேண்டும்?

மறுமொழி:

நீங்கள் சொல்வதுதான் சரி. நான் கவனிக்கவில்லை. 'தொழில்பெயர்ப்புப் பயிற்சி' என்றே பட்டியலில் சேர்க்கிறேன். இருக்கிற வேலையிலேயே மேலே கற்பதற்குத் 'திறன் மேம்பாடு' ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளது, அதைத் தொட வேண்டாம்.

அப்புறம், 2015 பாரிஸ் காலநிலை உடன்படிக்கையின் முகப்புரையில் தொழிலாளர்களைக் குறித்து வரும் 'ஜஸ்ட் டிரான்சிஷன்', அதாவது நிலக்கரி, எண்ணெயை விட்டு மாறும்போது தொழிலாளர்களைக் கைவிடாத மாற்றம். அதற்கு 'நியாயமான பெயர்வு' என்று ஒருவர் எழுதியிருந்தார். 'பெயர்வு' என்றதும் இடப்பெயர்வுதான் நினைவுக்கு வரும். சுரங்கத்தை மூடிய ஊரிலேயே அடுத்த வேலையும் வரவேண்டும் என்று தொழிலாளர்கள் கேட்கும்போது, ஊரைவிட்டுக் கிளம்புவதை நினைவூட்டும் சொல்லை அவர்கள் கையில் கொடுக்கக் கூடாது. 'நியாயமான நிலைமாற்றம்' என்று போடலாம். 'தொழில்பெயர்ப்பு' என்பதிலும் அந்த வாடை அடிக்கிறதா என்று மட்டும் சொல்லுங்கள். எனக்கு அடிக்கவில்லை.