வட ஆப்பிரிக்க நகரங்களின் பழைய பயணப் படங்கள்: உங்கள் அனுபவம்?

தூக்கம் வராத ஒரு ராத்திரி, சினிமா பிறந்த காலத்துப் பிரெஞ்சு நிறுவனமான லூமியேரின் துண்டுப் படம் ஒன்று கண்ணில் பட்டது. அவர்களுடைய ஒளிப்பதிவாளர் அலெக்சாந்தர் ப்ரோமியோ 1896இல் அல்ஜீரியாவின் தலைநகர் அல்ஜியர்ஸ் போய் எடுத்தது; ‘அரசாங்கச் சதுக்கம்’ என்று பெயர். 17 மீட்டர் சுருள், ஓடுவது 50 விநாடிதான். பேச்சு கிடையாது, விளக்கம் கிடையாது. ஆட்கள் தன்பாட்டுக்குக் குறுக்கே போகிறார்கள், அவ்வளவுதான். அப்படியும் பத்துத் தடவை பார்த்திருப்பேன். ஒவ்வொரு தடவையும் வேறு ஒருவர் பின்னால் கண்ணை ஓட்டி, திரையின் ஓரத்தில் அவரைத் தொலைத்துவிடுவேன். உங்களுக்கு இப்படி ஏதாவது அகப்பட்டிருக்கிறதா?

*

எனக்கு வாய்த்தது நேர் எதிர். ஹாலிவுட் நிறுவனமான எம்ஜிஎம்முக்காக ஜேம்ஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் எடுத்த ‘டிராவல்டாக்ஸ்’ வரிசையில், 1938இல் வந்த கெய்ரோ படம். டெக்னிகலர் என்ற அந்தக் காலத்து வண்ண முறை, கண்ணைப் பறிக்கும். ஆனால் மனுஷன் வாயை மூடுவதே இல்லை! ஊர் முழுக்க ஆள் நடமாட்டம், காதில் விழுவது இவர் குரல்.

அப்புறம் அந்தக் காமிராவைப் பற்றிப் படித்தேன். உள்ளே ஒரே சமயத்தில் 3 சுருள் ஓடுமாம். வெளிச்சம் ஏராளமாக வேண்டும். இருட்டுச் சந்துக்குள் தூக்கிக்கொண்டு போவது லேசில்லை. சரி, அதை விட்டுவிடலாம். குரலைத்தான் மன்னிக்க முடியவில்லை. இப்போது ஒலியை அணைத்துவிட்டுத்தான் பார்க்கிறேன்.

*

முதலில் எழுதியவர் சொன்ன சதுக்கப் படத்தை நான் பாரிஸில் ஓர் உணவகக் குசினியில் வைத்துப் பார்த்தேன். பக்கத்தில் கோப்பை கழுவுகிறவர் அல்ஜியர்ஸ்காரர், அறுபதைத் தாண்டியவர். ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துவிட்டு போனை வாங்கினார்.

“இந்தச் சதுக்கத்தில் ஒரு குதிரைச் சிலை நின்றது, அப்பா சொல்லுவார்” என்றார். பிரெஞ்சு இளவரசர் ஓர்லியான் கோமகனின் சிலை. 1962இல் பிரான்சிடமிருந்து சுதந்திரம் கிடைத்ததும் அகற்றிவிட்டார்கள். இடத்துக்கு இப்போது தியாகிகள் சதுக்கம் என்று பெயர். 2018இல் அடியில் மெட்ரோ நிலையமே வந்துவிட்டது. தோண்டும்போது ரோமர் காலத்து மிச்சங்கள் கிடைத்தனவாம். 1660இல் கட்டிய வெள்ளைப் பள்ளிவாசல் மட்டும் அதே இடத்தில் இருக்கிறது. “எங்கள் வீடு அதற்குப் பின்னால், மேட்டில்” என்று அவர் சொல்லித் திரையை விரலால் இழுத்து இழுத்துத் தேடினார். அதற்குள் 50 விநாடி முடிந்துவிடும், திரும்பப் போடுவார்.

ஐந்தாவது தடவை முதலாளி வந்து பின்னால் நின்றது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியவில்லை.