எட்டு வயது முயலுக்கு மூச்சுத் தொல்லை, வழி சொல்லுங்கள்

வணக்கம். எங்கள் முயல் மிட்டுவுக்கு எட்டு வயது முடிந்துவிட்டது. மூன்று வாரமாக மூச்சு விடும்போது மூக்கில் கரகரவென்று சத்தம், தும்மல், கெட்டியான வெள்ளைச் சளி. அதைத் துடைத்துத் துடைத்தே முன்னங்கால் உள்பக்க முடியெல்லாம் சிக்குப் பிடித்துக் கிடக்கிறது, பாவம்.

டாக்டர் மார்பு எக்ஸ்ரே எடுத்தார். நுரையீரலில் ஒன்றுமில்லை, பாஸ்டுரெல்லா கிருமியாக இருக்கலாம் என்று என்ரோஃபிளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்தார். மருந்து கொடுத்தவரை நன்றாகத்தான் இருந்தது. நிறுத்திய நான்காம் நாளே திரும்ப ஆரம்பித்துவிட்டது. மேல் பல்லின் வேர் வளர்ந்து மூக்குப் பாதையை அடைக்கிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

நேற்று தூங்கும்போது எண்ணினேன், நிமிடத்துக்கு 70 மூச்சு. 30 முதல் 60 வரைதான் இயல்பு. முயல் மூக்கால் மூச்சு விடும் பிராணி. வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அந்த நிமிடமே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். அதனாலேயே இரவெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். சரி, சாப்பாடு இன்னும் குறையவில்லை, அதுதான் தைரியம்.

நெபுலைசரில் வெறும் சலைன் வைத்துப் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? மிரளாமல் எப்படி உட்கார வைத்தீர்கள்? இந்த வயதில் மயக்க மருந்து கொடுத்துப் பல்லைப் பார்த்தவர்கள் உண்டா? அப்புறம், தூசி இல்லாமல் உலர்புல் கொடுக்க என்ன செய்கிறீர்கள்?

ஒரு வேண்டுகோள்: வாய்வழி அமாக்சிசிலின் ஆன்டிபயாடிக்கை மட்டும் சொல்லாதீர்கள். முயலின் குடலைக் கெடுத்து உயிருக்கே ஆபத்தாகிவிடும்.