கொலாஜன் பெப்டைடு குடித்தும் கால்வலி போகவில்லை, எங்கே தப்பு?

லெக்டே_பயம்: வயது 36, எடை 72 கிலோ, ஊர் கோவை. வாரம் நாலு நாள் ஜிம். முன்பெல்லாம் ஸ்குவாட், லஞ்சஸ் என்று கால் பயிற்சி போட்டால் இரண்டாவது நாள் வலிக்கும், மூன்றாவது நாள் சரியாகிவிடும். இப்போது மூன்று வாரமாக ஐந்தாவது நாள் கூட மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குகிறேன். இத்தனைக்கும் ரெக்கவரிக்கு நல்லது என்று ஜிம்மில் சொன்னதால் தினமும் 10 கிராம் கொலாஜன் பெப்டைடு (கொலாஜன் என்ற புரோட்டீனின் பொடி) தண்ணீரில் கலந்து குடிக்கிறேன். 20 கிராம் ஆக்கலாமா, இல்லை வேறு பிராண்ட் பார்க்கலாமா?

பழைய_தண்டால்: பிராண்ட் அப்புறம். மூன்று வாரத்தில் வேறு என்ன மாறியது? எடை கூட்டினீர்களா? தூக்கம்? சாப்பாடு?

லெக்டே_பயம்: எடை அதே, தூக்கமும் அதே. சாப்பாடு... புரட்டாசி ஆயிற்றே, தினம் எடுத்த 4 முட்டையும் மதியச் சிக்கனும் நிறுத்தம். வே புரோட்டீன் பொடியையும் விட்டுவிட்டேன், கொலாஜன் டப்பாவிலேயே 10 கிராமுக்கு 9 கிராம் புரோட்டீன் என்று போட்டிருக்கிறதே, எதற்கு இரண்டு செலவு என்று.

பழைய_தண்டால்: பிடித்தாயிற்று! 4 முட்டையில் 24 கிராம், 150 கிராம் சிக்கனில் சுமார் 45, ஒரு ஸ்கூப் வேயில் 24. ஆக 93 கிராமை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 9 கிராம் வைத்திருக்கிறீர்கள். எடை தூக்குகிறவருக்குக் கிலோவுக்கு 1.6 கிராம் என்று கணக்குப் போட்டால் உங்களுக்கு ஒரு நாளைக்கு 115 வேண்டும், இட்லி சாம்பாரை வைத்து அதை எட்ட முடியாது.

அந்த 9 கிராமும் தசைக்குச் சுமாரான சரக்குதான். தசை கட்டும் வேலையை முடுக்கிவிடுவது லூசின் என்ற அமினோ அமிலம் (புரோட்டீனின் ஒரு துண்டு). வேயில் அது 10 சதவீதத்துக்கு மேல், கொலாஜனில் 3 சதவீதம் அளவுக்குத்தான். டிரிப்டோபான் என்ற இன்னொரு அமினோ அமிலம் கொலாஜனில் கிடையவே கிடையாது. டப்பாவில் போட்ட கிராம் பொய்யில்லை, ஆனால் எல்லாப் புரோட்டீனும் ஒன்றல்ல.

அப்புறம் ஒன்று, கோபப்படாதீர்கள். டப்பாவைத் திருப்பி, அசைவத்துக்கான அடையாளம், சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம், இருக்கிறதா பாருங்கள். கொலாஜன் மாட்டுத்தோல், மீன்தோல், செதில் இவற்றிலிருந்து வருவது. செடியில் காய்க்காது.

லெக்டே_பயம்: மீன். தெளிவாக எழுதியே இருக்கிறது. மூன்று சனிக்கிழமை விரதம் போச்சு, அம்மாவிடம் மட்டும் யாரும் சொல்லாதீர்கள்.

முட்டிக்காரர்: 😂 பெருமாள் மன்னிப்பார். ஆனால் அண்ணா கொலாஜனை ஒரேயடியாகத் தள்ளவும் வேண்டாம். 20 கிராம் எடுத்தவர்களுக்கு வலி கொஞ்சம் சீக்கிரம் குறைந்ததாகச் சின்னச் சின்ன ஆய்வுகள் உண்டு. தசைநாண் (தசையை எலும்போடு இணைப்பது) பக்கம்தான் இதற்குக் கொஞ்சம் மவுசு: 15 கிராம் ஜெலட்டினை வைட்டமின் சியோடு ஒரு மணி நேரம் முன்னால் கொடுத்துவிட்டு ஆறு நிமிடம் கயிறு தாண்ட வைத்தார்கள், ரத்தத்தில் கொலாஜன் உற்பத்திக்கான அடையாளம் கூடியது. 2017-ல் வந்த ஆய்வு, ஆனால் ஆட்கள் எட்டே பேர். ஆட்டுக்கால் சூப் ஆறினால் கெட்டியாகிறதே, அந்தச் சமாச்சாரம்தான் ஜெலட்டின்.

லெக்டே_பயம்: சரி. இன்னொன்று, ஜிம்மில் ஒருவர் 'இதெல்லாம் வேஸ்ட், பிபிசி-157 (BPC-157) ஊசி பெப்டைடு போடு, இரண்டே வாரம்' என்கிறார்.

பழைய_தண்டால்: வேண்டவே வேண்டாம். பெயரில் பெப்டைடு இருப்பதைத் தவிர உங்கள் பொடிக்கும் அதற்கும் உறவே இல்லை. மனிதர்களுக்கான மருந்தாக அனுமதி பெறாதது, 2022-லிருந்து உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் தடைப் பட்டியலிலும் இருக்கிறது. அப்புறம், இந்தக் கால்வலியோடு சிறுநீர் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் போனாலோ தொடை வீங்கினாலோ இங்கே வந்து எழுதிக்கொண்டிருக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அது சாதாரண வலி இல்லை.

லெக்டே_பயம்: பத்து நாள் கழித்து வருகிறேன். நிறமெல்லாம் சரியாகவே இருந்தது. வே பாலிலிருந்து வருவதுதானே, அதனால் புரட்டாசியிலேயே திரும்ப ஆரம்பித்தேன். கூடவே தினம் 50 கிராம் மீல் மேக்கர், 100 கிராம் பன்னீர், ராத்திரி தயிர். நேற்றைக்கு முன்தினம் லெக் டே, இன்று படியில் கையை வீசிக்கொண்டு இறங்கினேன். பாதி டப்பா கொலாஜன் மீதி இருக்கிறது. முட்டிக்காரரே, உங்களுக்கு வேண்டுமா?

முட்டிக்காரர்: ஐப்பசி பிறக்கட்டும், வந்து வாங்கிக்கொள்கிறேன்.