பத்து வருடம் கும்பிடாதவன் இப்போது கடவுளிடம் கேட்கலாமா?

கேள்வி:
அம்மாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். நான் பத்து வருடமாகக் கோயில் பக்கமே போகவில்லை. நேற்று ராத்திரி வார்டு வாசலில் உட்கார்ந்திருந்தபோது "சிவனே" என்று வாயில் வந்தது, அதற்கு மேல் ஒரு வார்த்தையும் வரவில்லை. கஷ்டம் வந்ததும் ஓடி வருவது சுயநலம்தானே?

பதில் 1:
தம்பி, தேவாரம் பாடிய அப்பரை நினைத்துப் பாருங்கள். சைவத்தை விட்டுச் சமணத்துக்குப் போய் அங்கே தருமசேனர் என்று பெரிய ஆளாக இருந்தவர், சூலை நோய் என்ற கடும் வயிற்றுவலி தாங்க முடியாமல்தான் திருவதிகைக்கு அக்கா திலகவதியாரைத் தேடி வந்தார் என்கிறது பெரியபுராணம். அக்கா ஒரு கணக்கும் கேட்கவில்லை, திருநீறு கொடுத்துக் கோயிலுக்குக் கூட்டிப்போனார். அங்கே பாடிய 'கூற்றாயினவாறு' பதிகம் முழுக்க வயிற்றுவலியைச் சொல்லி அழுவதுதான். அதுதான் நாலாம் திருமுறையின் முதல் பதிகம்!

பதில் 2:
கேட்டால் குணமாகிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன், என் அப்பா பிழைக்கவில்லை. ஆனால் அந்த நாலு மாதமும் தினமும் அழுது கேட்டேன், தனியாக இருக்கிறேன் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. அப்புறம், சொந்தக்காரர்களிடமும் உதவி கேளுங்கள், ஒரு ராத்திரியாவது தூங்குங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி அண்ணா, நன்றி அக்கா. சித்தியிடம் பேசிவிட்டேன், வியாழக்கிழமை அவர் வந்து இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். பதிகத்தை இப்போது அம்மா பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருக்கிறேன்.